உருக்குவதற்கு முன் முத்திரையைப் படியுங்கள்

பழைய ராணுவத் துப்பாக்கிகள் மீது எனக்கு ஈடுபாடு உண்டு என்று பத்து காவானில் யாரிடமாவது சொன்னால், உடனே வரும் கேள்வி: “லைசன்ஸ் இருக்கா?” கேட்க வேண்டிய கேள்விதான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமும் மலேசியாவில் விளையாட்டல்ல. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இந்தக் கடுமை இருக்கட்டும். 1898 வரை செய்யப்பட்டதெல்லாம் பழம்பொருள் என்று அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் ஒதுக்கிவைத்ததுபோல இங்கே செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்பது வேறு. தனி ஆள் சேகரிக்க முடியாத பொருளை அரசாவது சேகரிக்க வேண்டும்.

முப்பது ஆண்டுக்கு மேல் தொழிற்சாலையில் டூல் மேக்கராக இருந்தவன் நான். இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்னைடர் கார்பைன். குழல் 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. காலாட்படைக்காரனுடைய நீளத் துப்பாக்கியில் ஏறக்குறைய பாதி. குதிரைக்காரனுக்கு ஒரு கை கடிவாளத்தில். பீரங்கிக்காரனுக்குப் பீரங்கி வேலை. பாலம் கட்டும் சாப்பருக்கு மண்வெட்டியும் கோடரியும். துப்பாக்கி அவர்களுக்கு இரண்டாவது கருவி. அதனால்தான் குட்டை.

அந்தக் கைவேலையை விட்டு நகர மனம் வரவில்லை. முன்வாயில் மருந்தைக் கொட்டி இடித்து நிரப்பும் பழைய என்ஃபீல்டுகளை வீசிவிடாமல், 1866 முதல் குழலின் பின்பகுதியை வெட்டி, வலப்பக்கம் கீல் வைத்த இரும்புக் கட்டி ஒன்றைப் பொருத்தினார்கள்; அதுதான் ஸ்னைடர். கட்டியைத் திறந்து பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வரும். துப்பாக்கியைப் புரட்டினால் கீழே விழும். விசைத் தகட்டில் கிரீடம், அரசியின் பெயரெழுத்து, ஆண்டு. மரக்கட்டையில் அரசாங்க அம்புக்குறி. அடித்தகட்டின் பித்தளை நாக்கில் படைப்பிரிவின் அடையாளமும் எண்ணும் வெட்டுவது வழக்கம். இத்தனையும் தேயாமல் இருந்தால், அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று தேடிப் போகலாம்.

அப்படித் தேடினால் நம்மவர்களும் வருவார்கள். பினாங்கில் காவல் இருந்தவர்கள் மெட்ராஸ் சிப்பாய்கள். சிப்பாய் லைன்ஸ் சாலை இன்றும் இருக்கிறது. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட பிறகு நடந்த பேராக் போரில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். ‘தம்பிகள்’ என்று ராணுவமே செல்லமாகக் கூப்பிட்ட படை அது. 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புதுத் துப்பாக்கி, இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பழையது என்பதுதான் பிரிட்டிஷ் நடைமுறை. உயிரைக் கொடுக்க ஒருவனை அனுப்பிவிட்டு, அவன் கையில் நல்ல ஆயுதம் கொடுக்கப் பயந்தார்கள். எந்தப் படைக்கு எந்த ஆண்டு எந்த மாதிரி போனது என்பதில் அந்தப் பயம் பதிவாகியிருக்கிறது.

எங்கள் கரையும் இதற்கு வெளியே இல்லை. பேராக்கின் லாருட் போர்களுக்கான ஆளும் பணமும் ஆயுதமும் பினாங்கு வழியாகத்தான் போயின. அதில் மோதிய சீன ரகசியச் சங்கமான கீ ஹின்னின் தலைவர்களில் ஒருவரான கோ பூ ஆன் இந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்ட முதலாளி. நம் முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணுக்கும் அந்தப் போர்களை முடித்த பங்கோர் ஒப்பந்தத்துக்கும் அவ்வளவுதான் தூரம்.

நான் சிறுவனாக இருந்தபோது, தோட்டத்தில் ஒரு பழைய கிராணி வீட்டை இடித்தார்கள். கூரைக்கும் பலகைக்கும் நடுவே சாக்கில் சுற்றிய ஒரு துப்பாக்கி. கட்டை செல்லரித்து, இரும்பு கறுத்துப் போயிருந்தது. “போலீஸ் கேஸ் ஆயிடும்பா” என்று பெரியவர்கள் இரவோடு இரவாக ஜெஜாவி ஆற்றுச் சேற்றில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்க அவர்களுக்கு ஓர் இடம் தெரியாது.

கார்ன்வாலிஸ் கோட்டையின் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பாருங்கள். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி 1871இல் பினாங்குக்கு வந்தது. அதன் வரலாறு நமக்குத் தெரிவதால்தான் அது வெறும் வெண்கலமாக எடைக்குப் போகவில்லை. நேப்பாளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து, 2003இல், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நேப்பாளப் படையின் ஆயுத வரலாறு இன்று அமெரிக்காவில் ஒவ்வொன்றாக விலைக்குக் கிடைக்கிறது. வாங்கும் சேகரிப்பாளர்கள் அக்கறையோடுதான் துடைத்து வைக்கிறார்கள், ஆனால் காத்மாண்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்க எங்கே போவார்கள்?

2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. காவல்துறையும் தேசிய மரபுடைமைத் துறையும் சேர்ந்து, 1900க்கு முந்தைய துப்பாக்கிகளைத் தண்டனையின்றி ஒப்படைக்க ஆறு மாத அவகாசம் தரட்டும். வருவதை அழிப்பதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் முத்திரைகளைப் படமெடுத்து, எண்களைப் பதிவுசெய்யட்டும். அரியவற்றைச் சுடமுடியாதபடி குழலை அடைத்து, பினாங்கு மாநில அருங்காட்சியகத்தில் வைக்கட்டும். முத்திரைகளைப் படிக்க ஆள் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற டூல் மேக்கர்கள் செபராங் பிறையில் நிறையப் பேர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், கூப்பிட்டால் வருவோம்.