வடிகாலும் வாக்குரிமையும்

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் கூடும் இடங்களில் தேர்தல் பேச்சு எழுந்தால், "பிரதேச சபையால் எமக்கென்ன பயன்?" என்ற கேள்வியே முந்துகிறது. நிலத்தையே இழந்தவனுக்கு வடிகாலைப் பற்றி என்ன கவலை என்கிறார்கள். அந்தக் கசப்பு எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் இவ்வேளையில் ஒருவரை நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன். அவருடைய கணவர், யாழ்ப்பாணத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரன், 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அ. அமிர்தலிங்கத்துடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ் நகரமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த மக்களுக்கு வீதியும் சந்தையும் குடிநீரும் புதிதாக வேண்டியிருந்தன. 1998 ஜனவரியில் மாநகர சபைத் தேர்தல் நடந்தபோது, தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் நின்று, அந்நகரின் முதலாவது பெண் முதல்வரானார். சில மாதங்களே பதவியில் இருந்தார். மே 17 அன்று தமது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து முதல்வரான பொன். சிவபாலனும் அதே ஆண்டு செப்டெம்பர் 11 அன்று குண்டுவெடிப்பில் பலியானார்.

ஒன்றுக்கும் உதவாத பதவியென்றால், அதில் அமர்ந்தவர்களின் உயிரை ஏன் பறிக்க வேண்டும்? மக்கள் தமது அன்றாடக் காரியங்களைத் தாமே பேசித் தீர்மானிக்கும் இடம் அது என்பதை, அவர்களைக் கொன்றவர்கள் எம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள்.

ஹேவாஹெட்டயிலிருந்து எழுதும் எமக்கு இது தூரத்துக் கதையல்ல. இப்பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலைப் பயிர்ச்செய்கை 1867இல் தொடங்கியது. ஆனால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். லயத்துப் பாதைக்கோ சபையால் கை கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கேட்டுக்கொண்டே இருந்ததால் கிடைத்த திருத்தம் அது.

ஆகவே, அன்பான குடும்பத்தினரே, 2025 மே 6 அன்று வாக்களித்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று கிராம சேவையாளரிடம் கேட்டறியுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்: குழாய் எங்கே, வடிகால் எங்கே, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதை எங்கே? இழந்த நிலத்தைக் கேட்கும் குரல், இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவும் பழக வேண்டும்.