காலம் காட்டாத பெயர்கள்

வளாக நேர்காணல் பருவம் நெருங்கியதும் இந்தியக் கல்வி வளாகங்களில் ஒரு தனிமொழி புழங்கத் தொடங்குகிறது. ‘அவர் ஐஎன்டிஜே’, ‘இவர் ஈஎன்எஃப்பி’ என்று மாணவர்கள் ஒருவரையொருவர் நான்கெழுத்துகளால் சுட்டிக்கொள்கின்றனர். வேலைக்குச் சேர்ந்த பின்னும் குழுப் பயிற்சி வகுப்புகளில் இதே மொழி தொடர்கிறது. மனிதரை அறிந்துகொள்ள இந்த எழுத்துகள் உதவுகின்றனவா, அல்லது அறிய வேண்டிய தேவையையே நீக்கிவிடுகின்றனவா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலை அடியொற்றி, காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியதே மயர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்கூடங்களுக்குப் புதிதாக வந்த பெண்கள் தமக்கேற்ற பணியைக் கண்டடைய வேண்டும் என்ற நல்நோக்கம் அதன் பின்னால் இருந்தது. சிக்கல் நோக்கத்தில் இல்லை, வகுக்கும் முறையில் இருக்கிறது. நான்கு இருமைகளைப் பெருக்கி 16 பெட்டிகள் செய்யப்படுகின்றன. ஆனால் மனித இயல்புகள் பெரும்பாலும் நடுவில்தான் குவிகின்றன. சராசரி உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருப்பவரை நெட்டையர் என்றும் கீழே இருப்பவரைக் குட்டையர் என்றும் பிரிப்பது போன்றது இது. ஐந்து வார இடைவெளியில் மீண்டும் தேர்வெழுதினால் பாதிப்பேர் வரை வேறு வகைக்குள் விழக்கூடும் என்று உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இல் சுட்டிக்காட்டினார். ஆள்தேர்வுக்கு இதனைப் பயன்படுத்தக் கூடாது என்று இதனை வெளியிடும் நிறுவனமே கூறுகிறது.

அப்படியிருந்தும் முடிவைப் படித்தவர் ‘இது நானேதான்’ என்று வியக்கிறார். இதற்கான விடை 1948இலேயே கிடைத்துவிட்டது. பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, அனைவருக்கும் ஒரே வாசகத்தைத் தனித்தனி முடிவு போல் வழங்கினார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்கைத் தாண்டியது.

ஆய்வுலகம் இன்று மதிக்கும் ஐங்காரணி அளவீடு இதைவிட மேம்பட்டது. அது மனிதரைப் பெட்டியில் அடைப்பதில்லை. அளவுகோலில் ஓரிடத்தைக் காட்டுகிறது. ஆயினும் அதன் வேர் ஆங்கில அகராதியில் இருப்பதை மறந்துவிடலாகாது. 1936இல் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பிற்கால ஆய்வுகள் அந்தச் சொற்குவியலைச் சலித்துத்தான் ஐந்து காரணிகளுக்கு வந்தன. ஆளுமை அளவீட்டின் அடித்தளத்தில் ஒரு மொழியும் அதன் பண்புச் சொற்களும் இருக்கின்றன.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு தெளிவைத் தருகிறது. பொதுவாகப் பெயர்ச்சொல் காலம் காட்டாது. வினையாலணையும் பெயரோ காலம் காட்டும்: பேசியவர், பேசுகின்றவர், பேசுபவர். ஒருவர் எப்போது என்ன செய்தார் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே தங்கியிருக்கிறது. எதிர்மறைக்கு வந்ததும் அந்த வேறுபாடு மறைகிறது. நேற்றைய கூட்டத்தில் பேசாதவரும் என்றுமே பேசாதவரும் ஒரே சொல்லால் ‘பேசாதவர்’ ஆகின்றனர். ஆளுமை முத்திரைகளும் இப்படித்தான் செயல்படுகின்றன. ஒரு நாளின் மௌனத்தை அவை வாழ்நாள் இயல்பாக எழுதிவைக்கின்றன.

இந்தியாவில் இதன் விலை பெரிது. குழு விவாதம் ஆங்கிலத்தில் நடக்கிறது; வினாத்தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இந்தியிலோ, ஒடியாவிலோ, தமிழிலோ பள்ளிக்கல்வி பயின்ற ஒரு மாணவி கருத்தை மனத்துக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விவாதம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறது. அவர் அகமுகர் என்றும் தலைமைப் பண்பு குறைந்தவர் என்றும் குறிக்கப்படுகிறார். தன் விடுதி அறையில், தன் மொழியில், அவரே பத்துப் பேரை வழிநடத்தக்கூடும். மொழி வாய்ப்பின்மை இவ்வாறு ஆளுமைக் குறைபாடாகப் பெயர் மாற்றம் பெறுகிறது. பெயர் மாறியதும் குறை நிறுவனத்தினுடையது அன்று, அவருடையது என்றாகிவிடுகிறது.

குழுவில் வேறுபாடுகளைப் பேச ஒரு சொல்வளம் தேவை என்ற வாதம் நியாயமானது. அதற்கு மெரிடித் பெல்பின் காட்டிய வழி ஓரளவு நெருங்கி வருகிறது. இங்கிலாந்தின் ஹென்லியில் மேலாண்மை விளையாட்டுகளில் ஈடுபட்ட குழுக்களைக் கவனித்து அவர் 1981இல் தம் நூலை வெளியிட்டார். கூர்மதியாளர்களை மட்டுமே கொண்டு அமைத்த குழுக்கள் பலமுறை பின்தங்கியதை அவர் கண்டார். ஒருங்கிணைப்பவர், செயல்படுத்துபவர், முடித்துவைப்பவர் என அவர் வகுத்த பங்குகள் செயலைச் சுட்டுபவை. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகளை ஏற்கலாம். குழு மாறினால் பங்கும் மாறலாம். பெல்பினின் வினாநிரலையும் ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். ஆயினும் ‘இவர் யார்’ என்பதிலிருந்து ‘இக்குழுவில் இவர் என்ன செய்கிறார்’ என்பதற்குக் கேள்வியை நகர்த்தியது பயனுள்ள மாற்றம்.

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையங்கள் வரும் நிறுவனங்களிடம் மூன்று கேள்விகளையாவது எழுப்ப வேண்டும். இந்தத் தேர்வு எதை அளக்கிறது? எம்மொழியினரிடம் அது சரிபார்க்கப்பட்டது? விலக்கப்பட்ட மாணவருக்குக் காரணம் சொல்லப்படுமா? விடை இல்லாத தேர்வு, உரையாடலைத் தொடங்கும் விளையாட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் வாயிற்கதவாக அது இருக்கலாகாது.