குழந்தையின் கஞ்சிக்குப் பஞ்சப்படி எங்கே?

விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏற வேண்டும். ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை இது. தகப்பன் கைவிட்ட குழந்தைக்குக் கோர்ட்டு விதிக்கும் ஜீவனாம்சமோ விதித்த இடத்திலேயே நிற்கிறது. குழந்தை வளர்கிறது, அரிசி விலை ஏறுகிறது, உத்தரவு தானாக அசைவதில்லை!

மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பையே 2001-இல்தான் நீக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவுப்படி, நிலைமை மாறியதை நிரூபித்தால் மாஜிஸ்திரேட் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். 2020-இல் மூடப்பட்ட புதுவை ஏ.எப்.டி. ஆலை போன்றவற்றில் வேலையிழந்தவன் குறைக்கக் கேட்கலாம். கேளாமல் ஒளிந்தால் பாக்கி ஏறும், வாரண்டு வரும்.

இரு தரப்பாரும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டுமென 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நல்லதே. ஆனால் சுத்துக்கேணியில் நடவுக்குப் போகும் தாய், ஒரு நாள் கூலியை இழந்தல்லவா புதுவைக் கோர்ட்டுப் படியேற வேண்டும்?

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. இதைச் சேரிதோறும் சொல்வது சங்கங்களின் கடமை. ஆண்டுதோறும் உயர்வை உத்தரவிலேயே எழுதுக! இதுவே நம் கோரிக்கை.