வாகனப் பக்கம்: பிக்கப்பின் முன்பக்கம் பதிந்திருந்தால்...

வேலைக்கென்று பழைய பிக்கப் வாங்கியவர்கள், "முன்பக்கம் பதிந்து கிடக்கிறதே, பழுதோ?" என்று கேட்பதுண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பதிந்திருந்தால் பெரும்பாலும் பழுதல்ல. பின்னால் பாரம் ஏற்றியதும் வாகனம் மட்டமாக வரவேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். நாளாந்தம் பாரம் ஏற்றுபவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. முன்பக்கத்தை உயர்த்தினால், பாரத்துடன் போகும்போது மூக்கு நிமிரும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

உயர்த்தத்தான் வேண்டுமென்றால், முதலில் அமைப்பைப் பாருங்கள். வட அமெரிக்காவில் விற்பனையான 1998–2011 ஃபோர்ட் ரேஞ்சர் 4x4 போன்றவற்றில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி (ரோர்ஷன் பார்) இருக்கும். அதன் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். சுருள் ஸ்பிரிங் வாகனத்தில் இந்தப் போல்ட் இராது.

மட்டமான தரையில், பாரமின்றி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இருபுறமும் அளந்து எழுதுங்கள். ஜக்கால் உயர்த்தி, ஸ்ராண்டில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றாக இறுக்குங்கள். இறக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் அளவுங்கள். அளவுக்கு மீறினால் போல் ஜொயின்ற் விரைவில் தேயும். முடிவில் கராச்சில் வீல் அலைன்மென்ற் செய்து, விளக்கையும் சரிபாருங்கள். இல்லாவிட்டால் ரயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே ஒருபோதும் போகாதீர்கள். மிச்சம் பிடிக்கும் காசைவிட உயிர் பெரிது.