துறைமுகமும் பிரபுவும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைப் பேசுவோர் கடற்படைத் தளபதிகளின் பெயர்களையே அடுக்குவர். சென்னைக் கோட்டையில் இருந்தவாறு அதன்மீது கை நீட்டிய மக்கார்ட்னி பிரபுவை மறந்துவிடுவர். அவர் கதையில் நமக்கொரு பாடம் உண்டு.

அயர்லாந்தில் 1737இல் பிறந்த ஜோர்ஜ் மக்கார்ட்னி, ருசியாவில் தூதர், அயர்லாந்தில் தலைமைச் செயலர், கிரெனடாத் தீவின் தேசாதிபதி எனப் பதவிப் படிகளில் ஏறினார். 1779இல் கிரெனடாவைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்து சிறைப்பட்டார். ஆயினும் 1781இல் சென்னைத் தேசாதிபதியானார். கும்பினி உத்தியோகத்தர் கையூட்டில் கொழுத்த அந்நாளில், பரிசில்களை மறுத்தவர் என்ற நற்பெயர் அவருக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

அந்த நேர்மையாளரின் ஆட்சியில் நடந்ததென்ன? 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தனர். ஹியூ போய்ட் என்பவர் கண்டிக்குத் தூது சென்றார்; மன்னன் இராசாதி இராசசிங்கன் கும்பினியுடன் உடன்படிக்கை செய்ய இணங்கவில்லை. ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் கோட்டையைக் கைப்பற்றினார். ஓராண்டுக்குள் மூன்று கொடிகள்! ஐரோப்பாவில் சமாதானம் பேசியோர் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தனர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். அவர்தம் கடற்படைத் தளம் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

மக்கார்ட்னி பிரபுவோ சீனத்துக்குத் தூது சென்றார், நன்னம்பிக்கை முனையை ஆண்டார், 1806இல் மறைந்தார். திருகோணமலை அவருக்கு நெடிய உத்தியோகத்தில் ஒரு பக்கம். இக்கரையில் வலை வீசியவனுக்கு அதுவே வாழ்வு. அவனை எவர் கேட்டார்?

ஆள்வோர் கை சுத்தமாயிருத்தல் வேறு. ஆளப்படுவோரின் இசைவைப் பெறுதல் வேறு. முன்னது இருந்தாற் போதும் என்பார் இன்றும் உளர். 2022 ஜனவரியில் திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பங்கிடப்பட்டன: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. அப்பங்கீடு நன்றா தீதா என்பது வேறு வழக்கு. கையெழுத்திட்டோர் அரசும் நிறுவனங்களுமே என்பதைத்தான் நாம் சுட்டுகிறோம்.

கிண்ணியா, மூதூர், சீனன்குடா வாழ் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவருக்கும் இத்துறைமுகத்தில் உரிமை உண்டு. இனிமேல் எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகுமுன் அதன் வாசகம் மூன்று மொழிகளில் வெளியிடப்படல் வேண்டும். மாவட்டத்து மக்களின் கருத்து பகிரங்கமாகக் கேட்கப்படல் வேண்டும். தேசாதிபதிகள் செய்யத் தவறியதை, மக்கள் வாக்கால் வந்த அரசும் செய்யாதுவிடின், கொடி மாறியதால் நாம் கண்ட பயன் யாது?