சிபாரிசு இல்லாதவரின் கடிதம்

1912 பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் குடியிருந்த ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தங்கள் அலுவலகத்தில் எழுத்தர் இடம் காலியாக இருப்பதாக அறிந்தேன். மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்திருக்கிறேன், சூழ்நிலை சரியில்லாததால் மேலே படிக்க முடியவில்லை, நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன், தயவுசெய்து அந்த இடத்தை எனக்கு அளிக்க வேண்டுகிறேன். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். எழுதியவர் ராமானுஜன். மார்ச் 1ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அவர் வேலையில் சேர்ந்தார்.

ஓராண்டு முடிவதற்குள், 1913 ஜனவரி 16 அன்று, அதே எழுத்தர் இன்னொரு கடிதம் எழுதினார். இது கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச்.ஹார்டிக்கு. இந்த இரண்டாவது கடிதத்தை உலகம் அறியும். முதல் கடிதத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால், வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதல் கடிதத்தில் கணிதம் பற்றிய அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால், அன்றைக்குச் சென்னையில் வேலை தேடிய எவரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பிறகு எப்படி வேலை கிடைத்தது? விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரை இருந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் ஆதரவு இருந்தது. துறைமுக அலுவலகத்திலேயே கணிதம் அறிந்த நாராயண ஐயர் இருந்தார். ஆக, கடிதம் ஒரு சம்பிரதாயம். காரியத்தை முடித்தவை மற்றவை.

கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஹார்டிக்கு முன்பு அங்கே வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. அதனால் ஹார்டிக்கு எழுதிய கடிதமே எல்லா வேலையையும் செய்தாக வேண்டியிருந்தது. அது எப்படிச் செய்தது என்று பாருங்கள். நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்ட் வாங்கும் எழுத்தர், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. உடனே, நீங்கள் எழுதிய நூலில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி இன்ன இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு நான் ஒரு வழி கண்டிருக்கிறேன் என்று ஹார்டியின் வேலைக்குள்ளேயே நுழைகிறது. அப்புறம் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120. பகா எண் பற்றிய அந்த உரிமைகோரல் பின்னால் பிழை என்று தெரிந்தது. இருந்தாலும், பிப்ரவரி 8ஆம் தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். வேலைக்கான கடிதம் செய்ய வேண்டியதும் இதைத்தான். படித்தவர் நம்மிடம் மேலும் கேட்க வேண்டும்.

ராமானுஜனின் மேதைமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், அவர் பெற்ற ஆதரவுக் கைகளும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா தறி ஓட்டுகிறார் அல்லது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எந்த நிறுவனத்திலும் தெரிந்தவர் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கடிதமே மாமா, அதுவே பேராசிரியர், அதுவே சிபாரிசு. இதைத்தான் நம் கல்லூரிகள் கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கோவைப் பக்கம் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஆளெடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒரு கணக்காளர் இடத்துக்கு விளம்பரம் கொடுத்தால் இரண்டே நாளில் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிடும். பாதிக் கடிதங்களில் பொருள் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது 'ரெஸ்யூம்' என்று மட்டும் இருக்கும். உள்ளே 'ரெஸ்பெக்டட் சார் / மேடம்', இணைப்பைப் பார்க்கவும், நன்றி. கொஞ்சம் முயற்சி எடுத்தவர்களின் கடிதம் நீளமாக இருக்கும்: சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன், கடின உழைப்பாளி, எளிதில் பழகுவேன். சிலவற்றில் போன வாரம் விண்ணப்பித்த வேறொரு நிறுவனத்தின் பெயர் மாறாமலே வந்திருக்கும். சுயவிவரத்தின் கடைசியில் அப்பா பெயர், மதம், திருமணமானவரா, மேற்கண்ட விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழி எல்லாம் தவறாமல் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

இது அந்தப் பிள்ளைகளின் குறை அல்ல. கடிதம் எழுத நாம் எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, உறைமேல் முகவரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கும், நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும் என்று பதிப்பகத்துக்கும் எழுதிப் பழகுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வுத்தாளில் சொந்தப் பெயரை எழுதக் கூடாது, அ.அ.அ. என்று போட வேண்டும். தேர்வின் ரகசியத்துக்காக வைத்த விதி அது, தேவைதான். ஆனால், பன்னிரண்டு ஆண்டு பள்ளிப்படிப்பில் ஒரு பிள்ளை தன் பெயரையும் தன் ஊரையும் தன் அனுபவத்தையும் வைத்து உண்மையான ஒரு கடிதம்கூட எழுதாமலே வெளியே வந்துவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கை அந்த அ.அ.அ.வையே எழுதுகிறது.

தாராபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இது பற்றிப் பேசப் போனபோது, பி.காம். முடித்து இரண்டு ஆண்டு ஆன ஒரு பெண் கூட்டம் முடிந்ததும் வந்து நின்றார். கையில் அச்சடித்த ஒரு கவர் லெட்டர். ஆங்கிலத்தில் பிழை இல்லை. விஷயமும் இல்லை.

"இந்த ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணினீங்க?"

"வீட்லதாங்க சார் இருந்தேன். எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"வீட்ல சும்மாவா இருந்தீங்க?"

"அப்பாவோட மளிகைக் கடைல கணக்கு பார்த்தேங்க சார். ஹோல்சேல்."

கேட்கக் கேட்க வந்தது. பழைய நோட்டில் கிடந்த பற்று வரவை எல்லாம் அவரே டேலிக்கு மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஜிஎஸ்டி தளத்தில் ஏற வேண்டும். அதற்கான பில்களைச் சரிபார்த்து ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுப்பது அவர் வேலை. "அதுக்கு முன்னாடி அப்பா அடிக்கடி லேட் ஃபீ கட்டுவாருங்க சார். நான் பார்க்க ஆரம்பிச்சப்புறம் ஒரு மாசம்கூடக் கட்டலீங்க" என்றார், மிகச் சாதாரணமாக.

கணக்காளர் தேடும் எந்த முதலாளியும் நிமிர்ந்து உட்காரும் வாக்கியம் அது. அவர் கடிதத்தில் அது இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "சொந்தக் கடைன்னு எழுதினா கேவலமா நினைக்க மாட்டாங்களாங்க?" என்று கேட்டார். எனக்கு மனசு கனத்துவிட்டது. கடையில் நின்றது, காட்டு வேலைக்குப் போனது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, தாத்தாவுக்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் துணையிருந்தது எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள். மறைத்த அந்த இடத்தில்தான் பெரும்பாலும் அவர்களுடைய திறமை இருக்கிறது.

ஆங்கிலத்தை மறந்துவிட்டு முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஆறு வாக்கியம் வந்தது. ஜிஎஸ்டி வேலை தெரிந்தவர் வேண்டும் என்று உங்கள் விளம்பரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மொத்த விற்பனைக் கடையில் இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையை நான் செய்கிறேன். இந்த 24 மாதங்களில் ஒருமுறைகூடத் தாமதக் கட்டணம் கட்டவில்லை. நோட்டில் இருந்த கணக்கை டேலிக்கு மாற்றியதும் நான்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை செய்ததில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். எந்த நாளும் நேரில் வரத் தயார். இதை எளிய ஆங்கிலத்தில் மாற்ற இன்னொரு அரை மணி ஆனது. பி.எஃப். பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர், தெரியும் என்று சொல்வதையும் நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். அனுப்பிய இரண்டாவது இடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தாமதக் கட்டணம் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

சுயவிவரத்தில் உள்ளதையே கடிதத்தில் திரும்பச் சொல்வது வீண். இந்த வேலைக்கு, இந்த இடத்துக்கு, நான் ஏன் பொருத்தம் என்பதைச் சொல்லத்தான் கடிதம். விளம்பரத்தில் கேட்டிருப்பவற்றில் முக்கியமான ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, அதை நான் எங்கே, எவ்வளவு செய்தேன் என்று எண்ணோடு, இடத்தோடு சொன்னால் போதும். அரைப் பக்கம் தாண்டத் தேவையில்லை. அதை இன்னொரு கோப்பாக இணைக்காமல், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதிவிடுவது நல்லது. பலரும் கைபேசியில்தான் பார்க்கிறார்கள், முதல் இரண்டு வரியில் விஷயம் தெரிய வேண்டும். பொருள் வரியில் பணியின் பெயர், உங்கள் பெயர், ஊர். படிப்பில் இடைவெளி இருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். ராமானுஜன் அப்படித்தான் செய்தார்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு நிலைமை இன்னொரு விதமாக மாறியிருக்கிறது. பிழையான ஆங்கிலம் குறைந்துவிட்டது. ஆனால், எல்லாக் கடிதங்களும் ஒரே குரலில் பேசுகின்றன. தங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கால் ஈர்க்கப்பட்டேன் என்று ஒரே நாளில் பத்துப் பேர் எழுதுகிறார்கள். மொழியைத் திருத்த உதவி வாங்குவது குற்றமே இல்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் ஆங்கிலத்திலும் நண்பர்களின் கை இருந்தது என்பார்கள். ஆனால், தேற்றங்கள் ராமானுஜனுடையவை. தாராபுரத்துக் கடையின் தாமதக் கட்டணம் எந்தச் செயலிக்கும் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். சரளமான ஆங்கிலம் எல்லோருக்கும் கிடைத்துவிட்ட காலத்தில், எழுதுபவரின் சொந்த அனுபவம் ஒன்றுதான் ஒரு கடிதத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

கடிதத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அரசுப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது, கடிதத்துக்கு அங்கே இடமில்லை. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் இணையப் படிவமும் தேர்வும்தான். ஆனால், ஆடிட்டர் அலுவலகம், தனியார் பள்ளி, நூற்பாலை, பம்ப் தொழிற்சாலை, சிறிய மருத்துவமனை, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் இன்னும் ஒரு மனிதர்தான் அஞ்சலைத் திறக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வேலைகளும் இவைதாம்.

2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மாணவரும் தன் சொந்தப் பெயரில், ஓர் உண்மையான விளம்பரத்துக்கு, ஒரு கடிதமாவது எழுத வேண்டும். அதை வெளியிலிருந்து வரும் ஒருவர் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே தமிழாசிரியர்கள் தேர்வுக்கு வெளியே இதைத் தொடங்கலாம்.

ஆளெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடமும் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். விளம்பரத்தின் அடியில் கடிதத்தைப் பெறுபவரின் பெயரைப் போடுங்கள். வேலைக்கு ஆங்கிலம் தேவைப்படாத இடங்களுக்குத் தமிழில் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். இடம் இல்லை என்றால், இல்லை என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள். எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பதிலுக்காக ஒரு பிள்ளை தினமும் கைபேசியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.