பார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

செல்போனில் இருந்த மெமரி கார்டைக் கழற்றி, கார்ட் ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். போட்டோக்கள் வரும் என்று பார்த்தால் ஒரு சிறிய கட்டம் வருகிறது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று பார்மட் டிஸ்க், இன்னொன்று கேன்சல். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், "விண்டோஸே சொல்கிறதே" என்று முதல் பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

கார்ட் கெட்டுப் போனதால் அழியும் போட்டோக்களை விட, கெட்டுப் போன கார்டை அவசரப்பட்டுச் சரி செய்யப் போய் அழியும் போட்டோக்களே அதிகம் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு தடிமனான புத்தகத்தில் பொருளடக்கப் பக்கம் மட்டும் கிழிந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். எந்தக் கட்டுரை எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. ஆனால் கட்டுரைகள் அப்படியே இருக்கும். மெமரி கார்டிலும் இப்படி ஒரு பொருளடக்கம் உண்டு. 32 ஜிபி வரையிலான கார்டுகளில் இது பொதுவாக பேட்32 என்ற முறையிலும், அதற்கு மேற்பட்ட கார்டுகளில் எக்ஸ்பேட் என்ற முறையிலும் எழுதப்படுகிறது. போட்டோ பதிவாகிக் கொண்டிருக்கும்போது பாட்டரி தீர்ந்து போன் அணைந்தாலோ, பைல் காப்பி ஆகும்போது கார்டை உருவிவிட்டாலோ, இந்தப் பொருளடக்கம் அரைகுறையாக நின்றுவிடும். விண்டோஸால் அதைப் படிக்க முடியவில்லை என்றால், கார்டே காலி என்பது போலப் பார்மட் செய்யச் சொல்கிறது. உள்ளே உங்கள் படங்கள் இருக்கின்றனவா என்று அது தேடிப் பார்ப்பதில்லை.

ஒரு பைலை டெலீட் செய்தாலும் ஏறத்தாழ இதே கதைதான். பொருளடக்கத்தில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. படத்தின் தகவல் அங்கேயே கிடக்கும். வேறு ஒரு புதிய பைல் அதன் மேல் எழுதப்படும் போதுதான் அது உண்மையில் அழிகிறது. எனவே கார்டில் கோளாறு என்று தெரிந்த நிமிடமே அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். புதிய போட்டோ எடுக்கக் கூடாது. போனில் திரும்பச் செருகிப் பார்ப்பதும் வேண்டாம். போனும் தன் பங்குக்கு அதில் ஏதாவது எழுதி வைக்கும்.

எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு அம்மாள் கணவரை இழந்தவர். இருவரும் கடைசியாக ராமேஸ்வரம் போய் வந்த போட்டோக்கள் ஒரு கார்டில் மட்டுமே இருந்தன. போன் அதைப் படிக்க மறுத்ததும் ஒரு செல்போன் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் பார்மட் செய்து, "இப்போது நன்றாக வேலை செய்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேரனின் பிறந்த நாளில் அதே கார்டில் படங்களும் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் கார்ட் என்னிடம் வந்தது. பெரும்பாலான பழைய படங்கள் கிடைத்தன. சிலவற்றில் மேல் பாதி மட்டும் தெரிந்தது, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். அந்த இடத்தில் பிறந்த நாள் படங்கள் உட்கார்ந்துவிட்டன. கோயில் வாசலில் இருவரும் சேர்ந்து நின்ற படம் கிடைக்கவே இல்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கார்ட் வேலை செய்ய வேண்டும் என்றுதான் அவரிடம் கேட்கிறார்கள், அவரும் அதைத்தான் செய்கிறார். ஆனாலும், "உள்ளே இருப்பது வேண்டுமா?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும்: "எனக்குக் கார்ட் வேண்டாம், படங்கள்தான் வேண்டும்."

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். போட்டோரெக் என்ற புரோகிராம் இலவசம். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு புரோகிராமுடன் சேர்ந்தே டவுன்லோட் ஆகும். பொருளடக்கத்தை அது நம்புவதில்லை. கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், ஒரு ஜேபெக் படம் எந்த அடையாளத்தோடு தொடங்குமோ அதைத் தேடி எடுக்கிறது. அதனால் கிடைக்கும் படங்களுக்குப் பழைய பெயர் பெரும்பாலும் இருக்காது. எண்களாகத்தான் இருக்கும். நீளமான வீடியோக்கள் கார்டில் துண்டு துண்டாகப் பதிவாகியிருந்தால் முழுமையாகக் கிடைப்பது கடினம்.

இதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற புரோகிராமால் முழுக் கார்டையும் ஒரே பைலாக ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். ரீட் என்பதை அழுத்த வேண்டும், ரைட் என்பதை அல்ல. 32 ஜிபி கார்டுக்கு 32 ஜிபி காலி இடம் தேவை. பிறகு கார்டை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, போட்டோரெக்கிடம் அந்த நகலைக் கொடுங்கள். கிடைக்கும் படங்களையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால், மீட்கும் படமே மீட்க வேண்டிய படத்தை அழித்துவிடும்.

ஸ்கேன் செய்து சரிப்படுத்தவா என்று விண்டோஸ் கேட்டாலும், செக்டிஸ்க் போடச் சொல்லி யாராவது அறிவுரை கூறினாலும், நகல் எடுக்கும் வரை பொறுத்திருங்கள். அவை சரி செய்வது பொருளடக்கத்தை. அதற்காகக் கார்டில் எழுதவும் செய்யும்.

பார்மட்டிலும் இரண்டு வகை உண்டு. குயிக் பார்மட் புதிய பொருளடக்கம் மட்டும் எழுதுகிறது. அதற்குப் பிறகும் மீட்க வாய்ப்பு இருக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டா தொடங்கி எல்லாப் பதிப்புகளிலும் கார்ட் முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதன் பிறகு எந்தப் புரோகிராமும் உதவாது. பழைய கார்டை வேறு யாருக்காவது கொடுக்கும்போது மட்டும் இந்த முழு பார்மட் தேவை. இல்லாவிட்டால் உங்கள் குடும்பப் படங்களை வாங்கியவரும் இதே வழியில் எடுத்துவிடலாம்.

எல்லாக் கார்டையும் இப்படிக் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் செருகினால் எந்த டிரைவும் தெரியவில்லை என்றால், முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் கோளாறு கார்டின் சிப்பிலேயே இருக்கலாம். ஆண்ட்ராய்ட் 6.0 வந்த 2015 முதல், கார்டைப் போனின் உள் நினைவகமாக மாற்றும் வசதி உண்டு. அப்படி மாற்றிய கார்ட் சங்கேதமாக எழுதப்படுவதால், கம்ப்யூட்டரில் இந்த முறை பலிக்காது.

எனவே மீட்கும் வழி தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. கட்டை விரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் துண்டில் ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டுகளை வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை அதைக் கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கும் காப்பி செய்யுங்கள். அது வரைக்கும், அந்தச் சிறிய கட்டம் வந்தால் கேன்சல் பட்டனை மட்டும் அழுத்துங்கள்.